நாலு மணி வரை தட்டக் கூடாத அறை

போன மாதம் பிரகாஷ் போன் செய்தான். துபாயில் நான் கடைசியாக வேலை பார்த்த ஓட்டலில் இப்போது அவன் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்கே மறுபடியும் பெயர்ப்பலகை மாறுகிறதாம். கட்டடம் அதேதான். ஆட்களும் அதே ஆட்கள்தான். நடத்துகிற கம்பெனி மட்டும் வேறு. கம்பெனி மாறினால் விருந்தாளிகளுக்குத் தருகிற கார்டும் மாறும்.

"அண்ணே, நீங்க நாலு கம்பெனி கார்டு பாத்தவரு. எந்தக் கார்டுக்கு என்னென்ன உண்டுன்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புங்க. புது ஆளுங்களுக்கு நான்தான் ட்ரெய்னிங் எடுக்கணுமாம்."

"எனக்கு எங்கடா எழுத வரும்?"

"வாட்ஸ்அப்புல மட்டும் பத்தி பத்தியா திட்டுறீங்கல்ல. அப்படியே எழுதுங்க."

உட்கார்ந்தேன். பழம், செருப்பு, காலைச் சாப்பாடு என்று ஒரு பக்கம் ஓடியது. காலி செய்யும் நேரம் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. அந்தப் பேப்பரை அவனுக்கு அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். பட்டுக்கோட்டைப் பக்கம். துபாய் போய் மூன்று வருடம் லாபி தரை துடைத்தேன். பிறகு எட்டு வருடம் அறை சுத்தம் செய்தேன். அதன் பிறகு அமெனிட்டி வேலை. வருகிற விருந்தாளியின் அறையில், அவர் வருவதற்கு முன்பே, அவருக்கு உரியதை வைத்துவிட்டு வருவதுதான் அமெனிட்டி. தங்கியது அல் குசைஸ் கேம்ப்பில். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். மொத்தம் இருபத்து நாலு வருடம்.

வெளியில் இருப்பவர்கள் ஓட்டல் கார்டு என்றால் தள்ளுபடி என்று நினைக்கிறார்கள். அது இல்லை. ஒரு கம்பெனியின் ஓட்டல்களில் ஒரு வருடத்தில் இத்தனை இரவு தங்கினால் வெள்ளி, இத்தனை தங்கினால் தங்கம், அதற்கும் மேலே ஒன்று. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாங்கள் மேல் கார்டு என்போம். வருடக் கடைசியில் இரவுகள் குறைகிற ஆட்கள் அறை எடுப்பார்கள். சாவி வாங்குவார்கள். படுக்க மாட்டார்கள். கணக்கில் ஏறினால் போதும் அவர்களுக்கு. டிசம்பர் மாதத்தில் படுக்கை கலையாத அறைகளை நிறையச் சுத்தம் செய்திருக்கிறேன். விளக்கு எரியும், ஏசி ஓடும், ஆள் வந்துபோன அடையாளமே இருக்காது. முதலில் ஒரு மாதிரி இருந்தது. பழகிவிட்டது.

தேராவில் நான் இருந்த முதல் ஓட்டலில் தங்கத்துக்கு மூன்று பழம், மேல் கார்டுக்கு ஐந்து பழமும் கத்தியும். காலைச் சாப்பாடு யாருக்கும் கிடையாது. அதற்காகவே தினமும் சண்டை. இரண்டாவது இடத்தில் பெரிய அறை தருவோம் என்று போட்டிருப்பார்கள், பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'இருந்தால்' என்று இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக ரிசப்ஷன் பெண்கள் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. மூன்றாவது பர் துபாய் ஓட்டல். கிரீக் என்கிற கடற்கழி தெரிகிற கட்டடம். அங்கேதான் நான் அதிக நாள் இருந்தேன். நான் இருக்கும்போதே அங்கே ஒரு தடவை பலகை மாறியது. பழைய கம்பெனியில் மேல் கார்டுக்குக் காலைச் சாப்பாடு உண்டு, தனி லவுஞ்ச் உண்டு, பகல் இரண்டு மணி வரை அறையை வைத்துக்கொள்ளலாம். புதுக் கம்பெனியில் சாப்பாடு சுமார். ஆனால் அறை நாலு மணி வரை அவர்களுடையது. 'இருந்தால்' என்ற பேச்சே இல்லை. எழுதிக் கொடுத்தது.

இரண்டு மணி, நாலு மணி. நடுவில் இரண்டு மணி நேரம். நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் செல்வின் சார். மார்த்தாண்டத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சட்டையின் இடது பையில் எப்போதும் மடித்த வெள்ளைத் துணி இருக்கும். மேஜை, கதவு விளிம்பு, விளக்குத் தண்டு எல்லாவற்றையும் அந்தத் துணியால் ஒரு தடவு தடவி, நம்மிடம் காட்டாமல், தானே பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொள்வார். அழுக்கு இருந்ததா இல்லையா என்று சொல்ல மாட்டார். நாம் மறுபடி துடைப்போம்.

கதவு தட்ட அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நடுவிரல் முட்டியால் மூன்று தட்டு. 'ஹவுஸ்கீப்பிங்' என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். இரண்டு எட்டு பின்னால் போய் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவர் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நம் முகம் முழுதாகத் தெரிய வேண்டும். மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். மறுபடி மூன்று தட்டு. மறுபடி பத்து. அதற்கும் பதில் இல்லை என்றால் சூப்பர்வைசரும் செக்யூரிட்டியும் வந்த பிறகே சாவி.

"தட்டுக எடத்தில அவசரம் காட்டாதீரும் ஓய். உள்ள ஒரு மனுசன் என்ன கோலத்தில இருப்பான்னு நமக்குத் தெரியுமா?" என்பார்.

இதெல்லாம் சாதாரண நேரத்துக்கு. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் எதுவுமே கிடையாது. உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால் அது எரியும். தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். தட்டக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, போனும் அறைக்குப் போகாது. காலி செய்ய வேண்டிய நேரம் தாண்டினால்தான் அந்த விளக்குக்கு மதிப்பு போகும். அதன் பிறகு தட்டலாம்.

பலகை மாறிய முதல் வாரத்தில் ஒன்பதாம் மாடியில் ஒரு நேபாளத்து அட்டெண்டன்ட் பழைய ஞாபகத்தில் மூன்று மணிக்குத் தட்டிவிட்டார். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மேல் கார்டு. அந்த விருந்தாளி தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டார். பத்து நாளில் நேபாளத்துக்காரர் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய லாக்கரைக் காலி செய்தது நான்தான்.

தியாகராஜன் சார் அந்த ஓட்டலுக்கு மாதம் ஒரு தடவை வருவார். சவூதியில் ஜுபைலில் ஒரு பிளான்ட்டில் இன்ஜினீயர். குடும்பம் திருச்சியில். மூன்று இரவு தங்குவார், மீட்டிங் முடித்துப் போவார். பழைய கம்பெனியில் மேல் கார்டு, புதுக் கம்பெனியும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. எப்போதும் 1412, லிஃப்டுக்குத் தள்ளி, வராந்தாவின் கடைசி அறை. என்னைத் தமிழில் கூப்பிட்டுப் பேசுகிற விருந்தாளி அவர் ஒருவர்தான்.

புதுக் கம்பெனி மேல் கார்டுக்கு வைக்கச் சொன்னது கிவி, டிராகன், அத்தி.

"முருகையா, இதுக்கெல்லாம் பேரு தெரியாம சாப்பிட பயமா இருக்குய்யா. ரெண்டு வாழைப்பழம் கிடைக்காதா?"

"மேல் கார்டுக்கு வாழைப்பழம் வைக்கக் கூடாது சார்."

"அப்ப என்னைக் கீழ் கார்டுல போட்டுடு."

சிரித்துக்கொண்டே வெளியே வந்து, அவருடைய பெயருக்கு நேரே கம்ப்யூட்டரில் இரண்டு வாழைப்பழம் என்று ஏற்றச் சொன்னேன். அதன் பிறகு அந்தக் கம்பெனியின் எந்த ஓட்டலுக்கு அவர் போனாலும் வாழைப்பழம் வந்துவிடும்.

பலகை மாறி ஒன்றரை மாதம் இருக்கும். ஆகஸ்ட். அன்றைக்கு அவர் காலி செய்கிற நாள். முதல் நாள் சாயங்காலம் என்னிடம் சொல்லியிருந்தார்: "புதுக் கம்பெனி நல்ல கம்பெனிய்யா. ரெண்டு மணி நேரம் சும்மாவே குடுக்கறான். நாளைக்கு நல்லாத் தூங்கிட்டு, நாலு மணிக்குக் கிளம்பறேன்."

பகல் பன்னிரண்டு பத்துக்குப் பக்கத்து அறைக்குப் பழத்தட்டு கொண்டுபோனேன். ஆகஸ்ட் மாதத்துப் பகலில் பதினாலாம் மாடி வராந்தாவில் ஒரு ஆள் இருக்க மாட்டார். கம்பளம் நம் கால் சத்தத்தையும் விழுங்கிவிடும். 1412-இல் சிவப்பு எரிந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம். முகம் கழுவுகிற குழாய். குளிக்கிற சத்தம் வேறு, இது வேறு. எட்டு வருடம் குளியலறை கழுவியவனுக்கு வித்தியாசம் தெரியும்.

ஒரு மணிக்கு மறுபடி அந்தப் பக்கம் போனேன். அதே சத்தம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கை வைத்தால், பாத்திரம் வைத்தால் குழாய்ச் சத்தம் மாறும். இது மாறவே இல்லை.

செல்வின் சாரைக் கூப்பிட்டேன். வந்தார். கதவுக்கு நேரே நிற்காமல் பக்கச் சுவரை ஒட்டி நின்று கேட்டார்.

"ஷேவ் பண்ணுகாரு."

"ஒரு மணி நேரமாவா சார்?"

"தாடி நெறைய இருக்கும்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கதவின் கைப்பிடியைத் துடைத்தார். அழுக்கே இல்லாத கைப்பிடி.

"சார், தட்டிப் பாப்போமே."

"சிவப்பு எரியுது. மேல் கார்டு. நாலு மணி வரை அது அவரு வீடு ஓய். நம்ம வீட்டுக் கதவ ஒருத்தன் தட்டலாமா? ஒம்பதாம் மாடிக் கதை மறந்துபோச்சா?"

"தண்ணி ஓடுதே சார்."

"தண்ணிக்கு ஓட்டல்காரன் காசு குடுப்பான். நீரு போய் வேலையப் பாரும்."

போய் வேலையைப் பார்த்தேன். இரண்டு மணிக்கு வேலை இல்லாமலே அந்த மாடிக்குப் போனேன். சத்தம் இருந்தது. பழைய பலகையாக இருந்தால் இந்த நேரத்துக்குத் தட்டியிருப்பேன். அதுதான் முறையாக இருந்திருக்கும். என் சட்டைப் பையில் எல்லா அறைக்கும் பொதுவான சாவி அட்டை இருந்தது. கை விரலை மடக்கிக் கதவுக்கு ஒரு விரல் தூரம் வரை கொண்டுபோனேன். மேலே சிவப்பு. கையை இறக்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. நின்றேன். அவ்வளவுதான்.

நாலு மணிக்குச் செல்வின் சார், செக்யூரிட்டி, நான் மூன்று பேரும் போனோம். மூன்று தட்டு, பத்து. மூன்று தட்டு, பத்து. சாவி போட்டோம். அவர் குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அறை குளிர்ந்து கிடந்தது. அவர் கையைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். போலீஸ்காரரிடம் இந்தியில் சொன்னார்: உயிர் போய் ரொம்ப நேரம் ஆகவில்லை.

மறுநாள் ஆபீஸில் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். இங்கிலீஷ். விளக்கு எரிந்தது, விருந்தாளிக்கு நாலு மணி வரை உரிமை உண்டு, முறைப்படி நடந்தோம், சந்தேகப்படும்படி எதுவும் கேட்கவில்லை என்று இருப்பதாகச் செல்வின் சார் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். அவருடைய கையெழுத்து அன்றைக்குக் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் பேய் பிசாசு பார்த்தவன் இல்லை. 1412-ஐத் தாண்டும்போது தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். விருந்தாளி இருந்தால் அவர்தான் என்று போய்விடுவேன். ஆள் இல்லாத நாளிலும் கேட்கும். சாவி போட்டு உள்ளே போவேன். குழாய் காய்ந்திருக்கும். வெளியே வந்து கதவைச் சாத்தினால் மறுபடி கேட்கும். மெயின்டனன்ஸ் ஆட்களை மூன்று தடவை கூப்பிட்டேன். சுவருக்குள் போகிற பைப் வரை பார்த்தார்கள். மூன்றாவது தடவை வந்த பஞ்சாபிக்காரர் என் தோளைத் தட்டி, "பாய், லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வா" என்றார். அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. காதுக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் காலையில் அன்றைக்கு வருகிறவர்களின் பட்டியலைக் கையில் வாங்கினேன். நடுப் பக்கத்தில் இருந்தது. தியாகராஜன். 1412. மேல் கார்டு. மீண்டும் வருகை. வாழைப்பழம் இரண்டு.

பழைய பட்டியல் என்று நினைத்தேன். தேதி அன்றைய தேதி. செல்வின் சாரிடம் காட்டினேன்.

"பேரு ஒத்துப்போகும் ஓய். தமிழ்நாட்டில எத்தனை தியாகராஜன்!"

"வாழைப்பழமும் ஒத்துப்போகுமா சார்?"

அவர் பட்டியலை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "வைக்க வேண்டியத வையும்" என்றார்.

வைத்தேன். செருப்பு ஒரு ஜோடி. தண்ணீர் நாலு பாட்டில். பழத்தட்டு. கம்ப்யூட்டரே அடித்துத் தருகிற கடிதம் ஒன்று உண்டு, மேல் கார்டுக்கு மட்டும். 'உங்களை மறுபடி காண்பதில் மகிழ்ச்சி, சென்ற முறை உங்கள் தங்கல் இனிமையாக இருந்திருக்கும் என்று நம்புகிறோம்' என்று அதில் இருக்கும் என்று ரிசப்ஷனில் சொல்லியிருக்கிறார்கள். அதை மேஜையில் சாய்த்து வைத்தேன். வாழைப்பழம் இரண்டையும் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இருபது வருடத்துக்கு மேல் எத்தனையோ பேருக்கு அறை தயார் செய்தவன் நான். அன்றைக்கு யாருக்குச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பகல் ஒரு மணிக்குச் செல்வின் சார், விரிப்பும் துண்டும் அடுக்கியிருக்கிற லினன் ரூமுக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"வந்தது அவரு மனைவியாக்கும். புருசன் பேருல, புருசன் கார்டுல போட்டிருக்காவ. அவரு பொறவு வருவாருன்னு கீழ சொல்லி, தன் பாஸ்போர்ட்டக் குடுத்திருக்காவ. ரிசப்ஷன்ல புதுப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? நீரு அந்தப் பக்கம் போவாண்டாம். கேட்டீரா? நாம கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு. வாயத் தொறந்தா ரெண்டு பேருக்கும் ஊருதான். எனக்கு மக ஒருத்தி நர்சிங் படிக்கா."

"சரி சார்."

இருபது நிமிடத்தில் ஆபரேட்டர் கூப்பிட்டாள். 1412-இல் இன்னும் இரண்டு வாழைப்பழம் வேண்டுமாம். முருகையாதான் கொண்டுவர வேண்டுமாம். மேல் கார்டு கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. அதுவும் அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்ததுதான்.

போனேன். விளக்கு எரியவில்லை. தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி. வெளிர் நிறப் பருத்திப் புடவை. நான் வைத்த பழத்தட்டு அப்படியே இருந்தது. கடிதம் பிரித்துக் கிடந்தது.

"நீங்கதான் முருகையாவா?"

"ஆமாம்மா."

"அவர் சொல்லியிருக்கார். வாழைப்பழ முருகையான்னு." தட்டை வாங்கி மேஜையில் வைத்தார். "உக்காருங்க."

"நிக்கிறேன்மா. உக்காரக் கூடாது."

"அவர் போய் மூணாவது மாசம் புதுக் கார்டு தபால்ல வந்தது. இன்னொரு வருஷத்துக்கு நீட்டியிருக்காங்க. வாழ்த்துகள்னு போட்டிருந்தது. சரி, இன்னும் அவர் பேர் அங்க உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுதான் ரூம் போட்டேன். என் பேர்ல கேட்டிருந்தா இந்த ரூமைக் குடுத்திருப்பாங்களா?"

பிரித்துக் கிடந்த கடிதத்தைப் பார்த்தேன்.

"உங்க ஓட்டல்லேர்ந்து ரெண்டு லெட்டர் வந்தது. ரெண்டுலயும் காலையிலேயே ஆயிருக்கும்னு எழுதியிருக்கு. பதினொண்ணு அம்பதுக்கு எனக்கு மெசேஜ் போட்டிருக்கார், ஷேவ் பண்ணிட்டுக் கூப்பிடறேன்னு. அவர் கூப்பிடல. ஒண்ணே காலுக்கு நான் ரிசப்ஷனுக்குப் போன் பண்ணேன். சிவப்பு லைட் போட்டிருக்கார் மேடம், நாலு மணி வரைக்கும் நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம், அவர் எங்களோட ரொம்ப முக்கியமான மெம்பர்னு சொன்னா அந்தப் பொண்ணு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் பெருமையா இருந்தது முருகையா. தூங்கட்டும்னு போனை வச்சுட்டேன்."

ஏசி சத்தம் மட்டும் இருந்தது. குழாய்ச் சத்தம் அன்றைக்கு இல்லை. அதைக் கவனித்தேன்.

"எனக்கு யார் மேலயும் கேஸ் போட வேண்டாம். எத்தனை மணிக்கு? அது மட்டும் தெரியணும்."

செல்வின் சாரின் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். என் ஞாபகமும் எனக்கு வந்தது. நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"பன்னெண்டு பத்துக்குத் தண்ணிச் சத்தம் கேட்டேன். ஒரு மணிக்குக் கேட்டேன். ரெண்டு மணிக்கும் கேட்டேன். தட்டலம்மா. நாலு மணிக்குத் தொறந்தோம். கையத் தொட்டேன். சூடு இருந்துச்சு."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குளியலறைக் கதவைப் பார்த்தார்.

"தலை எந்தப் பக்கம்?"

"சுவர்ப் பக்கம். கால் கதவுப் பக்கம்."

"நீங்க தட்டியிருந்தா அவருக்குக் கேட்டிருக்குமா? குழாய் ஓடறப்ப?"

"தெரியலம்மா."

"எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்." எழுந்தார். "நீங்க வெளிய போங்க. நான் லைட்டைப் போடறேன், குழாயைத் திறந்து விடறேன். அவர் இருந்த இடத்துல உக்காந்துக்கறேன். உங்க முறை எப்படியோ அப்படித் தட்டுங்க. கேட்டா நான் பதில் சொல்றேன்."

"வேண்டாம்மா."

"நீங்க அன்னைக்குத் தட்டல. இன்னைக்குத் தட்டுங்க."

வெளியே வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு எரிந்தது. அப்புறம் தண்ணீர். ஐந்து மாதமாக நான் கேட்ட அதே சத்தம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வராந்தா காலியாகக் கிடந்தது.

மூன்று தட்டினேன். "ஹவுஸ்கீப்பிங்." இரண்டு எட்டு பின்னால் போனேன். பத்து எண்ணினேன். தண்ணீர் ஓடியது. பதில் இல்லை.

மறுபடி மூன்று. கொஞ்சம் பலமாகவே தட்டினேன். பத்து எண்ண ஆரம்பித்தேன். ஆறு வரும்போது லிஃப்ட் திறந்தது. செல்வின் சார்.

"ஓய் முருகையா!" அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சிவப்பு எரியுது! கைய எடும்!"

ஏழு. எட்டு. உள்ளே தண்ணீர் மட்டும். கேட்டால் பதில் சொல்கிறேன் என்றவர் பதில் சொல்லவில்லை. ஒன்பது. வந்தது ஒருவர்தானா என்பதும் இப்போது உள்ளே இருப்பது யார் என்பதும் அந்த நிமிடம் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. செல்வின் சார் வராந்தாவில் ஓடி வந்தார். அவர் ஓடியும் நான் பார்த்ததில்லை. அவர் வருவதற்கு முன்னால் சாவி அட்டையை எடுத்துக் கதவில் வைத்தேன்.

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார், தலையைச் சுவரில் சாய்த்து. முகம் முழுக்க ஈரம். ஒரு கை எங்கள் பக்கம் நீண்டிருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் குனிந்து அந்தக் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"ரெண்டு தடவையும் கேட்டது முருகையா. தெளிவாக் கேட்டது. பதில் சொல்லத்தான் குரல் வரல."

பின்னால் செல்வின் சார் நின்றிருந்தார். வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை. நான் எட்டிக் குழாயை மூடினேன்.